ஒயினைத் தெளியவைக்கும் மீன்

தஞ்சாவூர் என்றால் வயலும் கோபுரமும் நினைவுக்கு வரும், கடல் வராது. ஆனால் மாவட்டத்தின் தெற்கு விளிம்பு பாக் நீரிணையில் போய் முடிகிறது. அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம், சேதுபாவாசத்திரம் என்று வரிசையாக மீனவர் ஊர்கள். நடுவே, நெப்போலியனை ஆங்கிலேயர் வென்ற சந்தோஷத்தைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி எழுப்பிய மனோரா. பிரெஞ்சு ஒயினில் தொடங்கி நம்மூர்க் கள்ளில் போய் நிற்கும் ஒரு விஷயத்தை இந்தக் கரையிலிருந்து ஆரம்பிக்க மனோரா காரணமல்ல. ஒரு மீன் காரணம்.

அதன் பெயர் கூறல் கத்தாழை. குஜராத்தில் 'கோல்', 2023-ல் அந்த மாநிலம் தன் மாநில மீனாகவே அதை அறிவித்துக்கொண்டது. எப்போதாவது வலையில் சிக்கும். சிக்கினால் மறுநாள் நாளிதழில் படம் வரும். ஒற்றை மீன் லட்ச ரூபாயைத் தாண்டி ஏலம் போனதாகக்கூடச் செய்தி வந்ததுண்டு. இவ்வளவு விலை அதன் சதைக்கு இல்லை. வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பைக்கு. மீனவர்கள் அதை 'நெட்டி' என்பார்கள். பையைக் கிழியாமல் எடுத்து, கழுவி, காயவைத்து ஏற்றுமதி செய்வார்கள். பெரும்பகுதி ஹாங்காங், சிங்கப்பூர், சீனா என்று சூப்புக்குப் போகும். உலகச் சந்தைக்கு வரும் மீன் நெட்டியின் இன்னொரு உபயோகம் மது தெளியவைப்பது. சுத்தம் செய்த நெட்டியிலிருந்து கிடைக்கும் புரதத்துக்கு 'ஐசின்கிளாஸ்' என்று பெயர். ஒயினிலும் பீரிலும் சிறிதளவு கரைத்தால் கலங்கல் திரண்டு அடியில் உட்கார்ந்துவிடும்.

இந்தியக் கரைக்கும் இந்தச் சரக்குக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததில்லை. ஐரோப்பியர்கள் முதலில் நம்பியிருந்தது ரஷ்ய ஆறுகளின் ஸ்டர்ஜன் மீனை. அதற்கு மாற்று தேடியபோது இந்தியக் கடல் கண்ணில் பட்டது. ஜான் ஃபோர்ப்ஸ் ராயில் என்ற தாவரவியலாளர் 1842-ல் இந்தியக் கரையோரங்களில் ஐசின்கிளாஸ் உற்பத்தி பற்றி லண்டனில் ஒரு புத்தகமே போட்டார். பிற்காலத்தில் கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், நம்மூர் நெட்டியிலிருந்து ஐசின்கிளாஸ் எடுக்கும் முறையை வகுத்தது.

ஒயின் திராட்சைச் சாறுதானே, அதைவிடச் சைவமான சரக்கு ஏது என்று கேட்கலாம். பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

பழத்தை நசுக்கி வைத்தால், தோலிலும் ஒயின் ஆலைச் சூழலிலும் இருக்கும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. நொதித்து முடிந்த சாறு கண்ணுக்கு லட்சணமாக இருக்காது. செத்த ஈஸ்ட், தோல் துகள், புரதம், வாயைத் துவர்க்கவைக்கும் டானின் எல்லாம் மிதந்துகொண்டிருக்கும். ரசத்தை இறக்கிவைத்தால் மண்டி கீழே தங்கி, தெளிவு மேலே நிற்கிறதே, அதுபோல ஒயினும் காலப்போக்கில் தானே தெளியும். ரசத்துக்குக் கால் மணி நேரம். ஒயினுக்கு மாதக் கணக்கு. தொட்டியை அவ்வளவு நாள் அடைத்துவைத்திருப்பது காசு. தவிர, கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும் புரதம், பாட்டில் வெயிலில் பட்டதும் பனிமூட்டமாக எழுந்து வாடிக்கையாளரைப் பயமுறுத்தும். அதனால் ஆலைகள் காரியத்தை முடுக்கிவிடுகின்றன.

முடுக்குவது மின்னூட்டக் கணக்குதான். டானினுக்கு எதிர்மின் சுபாவம். அதற்கு நேர்மின் சுபாவமுள்ள புரதம் ஒன்றைப் போட்டால் இரண்டும் கட்டிக்கொண்டு கனத்து மூழ்கும். அந்தப் புரதம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் வழக்கு. பிரான்ஸின் போர்தோ பகுதியில் முட்டை வெள்ளைக்கரு. 225 லிட்டர் பீப்பாய் ஒன்றுக்கு நாலைந்து முட்டையின் வெள்ளையை அடித்து ஊற்றுவது பழைய வழக்கம். மிஞ்சிய மஞ்சள் கருவில்தான் அவ்வூரின் 'கன்னலே' கேக் பிறந்தது என்று ஒரு கதையும் சொல்வார்கள். வெள்ளை ஒயினுக்குப் பாலின் கேசின் புரதமும் மீன் நெட்டியும். சிவப்புக்கு மாட்டுத் தோல், பன்றித் தோல், எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டின். ஒரு காலத்தில் காய்ந்த மாட்டு ரத்தப் பொடியும் போட்டார்கள். மாட்டுப் பைத்திய நோய் ஐரோப்பாவை உலுக்கிய பிறகு அதற்குத் தடை வந்தது.

போட்டதெல்லாம் குடிப்பவர் வயிற்றுக்குப் போகிறதா? கிட்டத்தட்ட இல்லை. மண்டியோடு மண்டியாக அடியில் தங்கி, மேலே உள்ளதை வேறு தொட்டிக்கு மாற்றும்போது கழிந்துவிடும். மிஞ்சினாலும் மிகமிகச் சொற்பம். ஆலைக்காரர்களின் வாதம் இதுதான்: அது எங்கள் பொருளில் இல்லை, எங்கள் வேலையில் ஒரு கருவி, அவ்வளவே. நம் ஊரில் இந்த வாதம் எடுபடாது. மீன் கழுவிய சட்டியில் வைத்த சாம்பாரைச் சாப்பிடச் சொல்லிப் பாருங்கள், தெரியும். நனிசைவர்கள், அதாவது வீகன்கள், சொல்வதும் இதுவே. தட்டில் என்ன இருக்கிறது என்பது மட்டுமல்ல, தட்டுக்கு வரும் வழியில் எந்த உயிர் பட்டது என்பதும் கணக்கு. ஒரே வித்தியாசம், தஞ்சாவூர்ச் சைவருக்குக் கேசினில் குற்றமில்லை. பால் அவருக்குப் பரிசுத்தம். நனிசைவருக்குப் பாலும் முட்டையும் மீனும் ஒரே வரிசை.

விலங்கு தொடாத வழிகள் இல்லாமல் இல்லை. பென்டோனைட் என்ற களிமண் பழைய கை. அமெரிக்காவின் வயோமிங்கிலும் நம் கட்ச், ராஜஸ்தான் பக்கமும் வெட்டி எடுக்கிறார்கள். அதன் சுபாவம் எதிர்மின். ஆகவே வெள்ளை ஒயினின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கும். பட்டாணிப் புரதமும் உருளைக்கிழங்குப் புரதமும் ஜெலட்டினின் இடத்துக்கு வந்துவிட்டன. கைட்டோசான் என்றொரு பொருள். பொதுவாக இறால் ஓட்டிலிருந்து எடுப்பது. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்து இறால் பண்ணைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த ஓடு எவ்வளவு மலிவான கழிவு என்று தெரியும். ஆனால் ஐரோப்பாவில் ஒயினுக்கு இறால் ஓட்டுக் கைட்டோசான் கூடாது; பூஞ்சையிலிருந்து எடுத்ததற்கு மட்டுமே அனுமதி. சட்டம் நினைத்தது ஒவ்வாமைக்காரர்களை. பலன் நனிசைவருக்கும் கிடைத்தது. பீர் உலகத்தில் 1759-ல் தொடங்கிய கின்னஸ் நிறுவனமே 2015-ல் மீன் நெட்டியைக் கைவிடுவதாக அறிவித்தது.

இன்னொரு கூட்டம் இந்த வேலையே வேண்டாம் என்கிறது. கலங்கலாக இருந்தால் இருக்கட்டும், என்ன குடி முழுகிப்போகும்? இயற்கை ஒயின்காரர்களின் கட்சி அது. அதற்கு மூலபுருஷர் என்று சொல்லத்தக்கவர் ழூல் ஷொவே. பிரான்ஸின் போஜொலே பகுதியில் ஒயின் வியாபாரியாகவும் வேதியியல் தெரிந்தவராகவும் இருந்து 1989-ல் மறைந்தவர். பூச்சிக்கொல்லியும் பாக்கெட் ஈஸ்ட்டும் கந்தகமும் கோலோச்சிய காலத்தில், பழம் நன்றாக இருந்தால் மற்றதைப் பழமே பார்த்துக்கொள்ளும் என்றார். மொர்கோன் ஊரின் மார்செல் லாப்பியேர் போன்றவர்கள் அவரைப் பின்பற்றினார்கள். நெடுங்காலம் 'இயற்கை' என்ற சொல்லுக்கு வரையறை இல்லாமல், யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளும் லேபிளாக இருந்தது. 2020-ல் பிரான்ஸில் 'வேன் மெத்தோட் நத்யூர்' என்ற பெயரில் ஒரு சாசனம் வந்தது: இயற்கை விவசாயச் சான்று பெற்ற திராட்சை, கையால் பறிப்பு, பழத்தோடு வந்த ஈஸ்ட், சேர்மானம் எதுவும் இல்லை, சல்ஃபைட் போட்டால் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே. சாதாரண சிவப்பு ஒயினுக்கு ஐரோப்பிய உச்சவரம்பு 150 மில்லிகிராம்.

இவர்களைவிடப் பழையவர்கள் ஜார்ஜியா நாட்டுக்காரர்கள். மண்ணில் கழுத்துவரை புதைத்த 'க்வெவ்ரி' என்னும் பெரிய மண்தாழியில் சாறு, தோல், விதை எல்லாவற்றையும் போட்டு மூடி, குளிர்காலம் முழுக்க விட்டுவிடுவார்கள். தாழியின் அடி கூம்பு வடிவம். கசடு அங்கே போய் ஒடுங்கும். தெளிவு மேலே நிற்கும். முட்டையும் வேண்டாம், மீனும் வேண்டாம். 2013-ல் யுனெஸ்கோ அதை மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அப்படியானால் இயற்கை ஒயின் எல்லாம் நனிசைவம்தானே என்று முடிவுகட்டிவிடலாம்போலத் தோன்றும். அங்கேதான் இடறல். தெளியவைப்பதில் மீன் இல்லை, சரி. தோட்டத்தில் மாடு இருக்கிறது. இயற்கை ஒயின்காரர்களில் கணிசமானோர் பயோடைனமிக் விவசாயிகள். ருடால்ஃப் ஸ்டெய்னர் 1924-ல் நடத்திய சொற்பொழிவுகளிலிருந்து கிளைத்த முறை அது. பசுவின் கொம்புக்குள் சாணத்தை அடைத்து, குளிர்காலம் முழுக்க மண்ணில் புதைத்து, எடுத்துத் தண்ணீரில் கரைத்து நிலத்தில் தெளிப்பார்கள். டெல்டா விவசாயிக்கு இது விசித்திரமாகவே இருக்காது. சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்ந்த பஞ்சகவ்யத்தை அவர் கைத்தெளிப்பானில் அடித்துக்கொண்டிருக்கிறார். திருக்காட்டுப்பள்ளி பக்கத்து இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்த இயற்கை விவசாயத்திலும் மாடு இல்லாமல் கதை நகராது. கொம்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கும் நனிசைவருக்கும், மாடில்லாத நிலம் மலடாகும் என்று சொல்லும் இயற்கை விவசாயிக்கும் நடுவில் சமரசம் சுலபமில்லை. இரண்டையும் ஒரே லேபிளில் ஒட்டி 'சுத்தமானது' என்று விற்பவர்களை நான் நம்புவதில்லை. இயற்கை என்பது ஒரு கொள்கை, நனிசைவம் வேறொரு கொள்கை. சில பாட்டில்களில் இரண்டும் சந்திக்கின்றன, அவ்வளவே.

வாங்குகிறவருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? பிஸ்கட் பாக்கெட்டில்கூடப் பச்சைப் புள்ளி தேடிப் பார்த்து வாங்கும் நாடு இது. மது வகைகளுக்கு அந்த சைவ-அசைவப் புள்ளியிலிருந்து விதிவிலக்கு உண்டு. மது நாட்டுக்கும் வீட்டுக்கும் உயிருக்கும் கேடு என்ற எச்சரிக்கையைத் தமிழ்நாட்டு பாட்டில்களில் பார்த்தே வளர்ந்தோம். மீன் பட்டதா, முட்டை பட்டதா என்ற ஒரு வரியைப் பார்த்ததில்லை. ஐரோப்பாவிலும் வேடிக்கைதான். முட்டை, பால் மிச்சம் இருந்தால் 2012 முதல் லேபிளில் சொல்லியாக வேண்டும். ஒவ்வாமை உண்டாக்கும் அளவுக்கு மிஞ்சுவதில்லை என்று மீன் நெட்டிக்கு மட்டும் விலக்கு. 2023 டிசம்பரிலிருந்து ஒயினுக்குச் சேர்மானப் பட்டியல் கட்டாயமாகியிருக்கிறது. ஆனால் தெளியவைக்கப் போட்டு எடுத்தது 'சேர்மானம்' ஆகாது.

இந்தியாவில் ஒரு கதவு திறந்திருக்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2022-ல் நனிசைவ உணவுகளுக்கென்று தனி ஒழுங்குமுறைகள் கொண்டுவந்தது. பொருளில் இருப்பதோடு நிற்காமல், பதப்படுத்தும்போது உதவிக்குப் போட்ட பொருளும் விலங்கிலிருந்து வந்திருக்கக் கூடாது என்கிறது அது. இலை முளைத்த பச்சை 'வி' எழுத்துதான் சின்னம். பாட்டிலில் அந்தச் சின்னம் இருந்தால் கேள்விக்கு இடமில்லை. இல்லாவிட்டால், தெளியவைக்காதது, வடிகட்டாதது என்று ஆலை சொல்லியிருக்கிறதா என்று பார்க்கலாம். 'வடிகட்டாதது' என்று மட்டும் இருந்தால் போதாது. முட்டை போட்டுத் தெளியவைத்துவிட்டு, வடிகட்டாமல் பாட்டிலில் அடைத்திருக்கலாம்.

தெளியவைக்கும் வித்தைக்குக் காவிரிக்காரன் யாரிடமும் பாடம் கேட்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. மேட்டூர் திறந்து புதுத்தண்ணீர் வரும்போது ஆறு செம்மண் குழம்பாக ஓடும். குழாய்த் தண்ணீர் வருவதற்கு முந்தைய தலைமுறை அதைக் குடத்தில் மொண்டு வந்து என்ன செய்தது? தேத்தாங்கொட்டையைக் கல்லில் உரைத்துக் கலக்கிவிட்டது. சற்று நேரத்தில் மண் அடியில் உட்காரும். அந்த விதையிலுள்ள பசைச் சர்க்கரைகளும் புரதமும் மண் துகள்களைக் கோத்து இழுத்துக்கொண்டு இறங்கும். போர்தோ பீப்பாயில் முட்டை வெள்ளை செய்கிற அதே ஜாதி வேலை. உயிர் மட்டும் போகவில்லை. கலித்தொகையிலேயே தேற்றா விதையிட்டுத் தெளிந்த நீர் உவமையாக வருகிறது. திருக்குவளைக் கோயிலின் தல மரம் தேற்றா. (அந்தத் திருக்குவளையில் பிறந்த கருணாநிதிதான் 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்தினார் என்பதைத் தல மரத்தின் கணக்கில் எழுத வேண்டாம்.)

மதுவும் இந்த நிலத்துக்குப் புதிதல்ல. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடியவர். அவரே காஞ்சித் தொண்டைமானைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் அரிசி மதுவின் செய்முறையைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். குற்றாத அரிசியைக் களியாகக் காய்ச்சி, அகன்ற தட்டில் ஆறவிட்டு, முளைகட்டிய நெல்லை இடித்துக் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் ஊறவிட்டு, பிழிந்து எடுப்பது. முளை நெல்லின் நொதிகள் மாவைச் சர்க்கரையாக்க, மற்றதைச் சுற்றுப்புற ஈஸ்ட் முடித்துவைக்கும். நெல் விளையும் நாட்டுக்கு ஏற்ற சரக்கு. விலங்குச் சேர்மானம் துளி இல்லை. இன்று யாரும் வடிப்பதில்லை. ஜப்பானியர் சாக்கே என்று அரிசி மது விற்றுப் பணம் பார்க்கும்போது நமக்கு ஞாபகம்கூட வருவதில்லை.

கள் கதை வேறு. பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் சொட்டுச் சொட்டாக இறங்கும் சாறு, கலயத்திலேயே நொதிக்கத் தொடங்கிவிடும். ஈஸ்ட்டை யாரும் போடுவதில்லை. காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்தின் சுவரிலும் அது குடியிருக்கிறது. இறக்கிப் பன்னாடையில் வடித்தால் எறும்பும் தேனீயும் நிற்கும். வெண்கலங்கல் அப்படியே இருக்கும். அதைத் தெளியவைக்க எவரும் நினைத்ததில்லை. பிரெஞ்சுச் சாசனத்தின் நிபந்தனைகளைப் பனையேறியின் முன்னால் படித்துக்காட்டினால், இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்பார். கையால் அறுவடை, தானாக வந்த ஈஸ்ட், சேர்மானம் இல்லை, கந்தகம் இல்லை, தெளியவைப்பதில்லை.

அந்தச் சரக்கு தமிழ்நாட்டில் 1987 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டது. மீன் பட்டதோ முட்டை பட்டதோ சொல்லாத ஒயின் அரசுக் கடையிலேயே கிடைக்கும். எதுவும் படாத கள்ளை இறக்கினால் வழக்கு. நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களுக்கு நடுவே இருக்கும் காரைக்கால் புதுச்சேரி ஆட்சியில் இருப்பதால் அங்கே கள்ளுக்கடை உண்டு. ஒரே காவிரி, ஒரே தென்னை. எல்லைக் கம்பத்துக்கு இந்தப் பக்கம் குற்றம், அந்தப் பக்கம் ஏலம். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகளைச் சாய்த்துப்போட்டபோது, தென்னையைத் தேங்காய்க்கு மட்டும் நம்பியிருந்த குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றன. அதற்கு முந்தைய ஆண்டுதான் நீராவை, அதாவது தென்னம்பாளையின் நொதிக்காத சாற்றை, இறக்க அரசு அனுமதித்திருந்தது. கள்ளைத் திறந்துவிடுவதால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல மாட்டேன். குடி கெடுத்த வீடுகள் டெல்டாவில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஆனால் தடைக்கும் அனுமதிக்கும் இடையில் கோடு போட்டவர்கள் எதை அளந்து போட்டார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

திராட்சை விளையாத டெல்டாவுக்குத் திராட்சை ஒயின் நெருங்கி வருகிற இடம் ஒன்று உண்டென்றால் அது வேளாங்கண்ணி. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 924-ம் பிரிவு, திருப்பலிக்கான ஒயின் திராட்சையிலிருந்து வந்ததாகவும் இயற்கையானதாகவும் கெடாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. பாரிஸ் மதுக்கூடங்கள் இயற்கை ஒயினைக் கண்டுபிடிப்பதற்கு வெகுகாலம் முன்பே பீடத்தில் அந்தச் சொல் இருக்கிறது. நம் பக்கத்துப் பழம் என்றால் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் ரகம், 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. கிறிஸ்துமஸுக்கு வீட்டில் பீங்கான் ஜாடியில் திராட்சையும் சர்க்கரையும் கோதுமையும் போட்டு ஊறவைக்கும் குடும்பங்களுக்கு இந்தப் பழம்தான். ஆங்கிலோ இந்தியச் சமையல் குறிப்புகள் சிலவற்றில், கடைசியில் ஒரு முட்டை வெள்ளை போட்டால் கண்ணாடி மாதிரி தெளியும் என்று இருக்கும். போர்தோ பீப்பாயும் வீட்டு ஜாடியும் ஒரே வழியில்தான் யோசித்திருக்கின்றன.

மதுவே வேண்டாம், பதநீர் போதும் என்கிறவர் தப்பித்தோம் என்று நினைப்பார். கலயத்தின் உள்சுவரில் சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தடைபடும், கள்ளாக வேண்டிய சாறு பதநீராகும். எந்தச் சுண்ணாம்பு? கல்லை நீற்றியது என்றால் ஒன்றுமில்லை. கரையோரங்களில் காலங்காலமாகக் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு நீற்றியதும் உண்டு. கிளிஞ்சல் என்பது ஒரு பிராணியின் ஓடு. நனிசைவத்தில் தீவிரமானவர்கள் பதநீர்க்காரரிடம் அதைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அந்தக் கேள்வி ஒருமுறை கிளம்பிவிட்டால், கும்பகோணம் வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பும் தப்பாது.